மாணிக்க கங்கைக்குப் போகாத தண்ணீர்

சித்திரை மாதத்தில் ஒரு பிற்பகல், பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைக்குக் கீழே மழை நேரத்தில் பாடம் நடத்த முடியாது. வாத்தியார் வாயசைப்பதும் பிள்ளைகள் சிரிப்பதுமாகத்தான் போகும். வாசலுக்கு வந்து நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகட்டில் விழுந்த மழை இரண்டாகப் பிரிந்து இறங்கியது. இந்தப் பக்கம் வந்தது நாங்கள் குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசையின் கானில் விழுந்து, அந்தச் சிறு வாய்க்கால் வழியாக மரக்கறிப் பாத்திகளுக்குப் போயிற்று. அந்தப் பக்கம் போனது ரோட்டோரக் கானில் சேர்ந்து தேயிலைக் கொழுந்து அரைக்கும் ஸ்டோரை நோக்கி ஓடியது. முகட்டில் ஒரு விரற்கடை தள்ளி விழுந்தால் அந்தத் துளி போய்ச் சேரும் இடமே வேறு. விஷயம் அவ்வளவுதான். ஆனால் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் தலைக்கு மேலே மேகத்துக்குள் கிடக்கும் நமுனுகுலை மலையும் ஒரு கூரைதானே. அப்படியானால் எங்கள் லயத்து ஆறு எந்தக் கானைச் சேர்ந்தது?

மழை விட்டதும் பிள்ளைகளைக் கேட்டேன். ஒரு பிள்ளைகூட யோசிக்கவில்லை. எல்லாரும் ஒரே குரலில் கதிர்காமத்துக்கு என்றார்கள்.

பிள்ளைகள் மட்டுமல்ல, இந்தத் தேயிலைத் தோட்டமே அப்படித்தான் நம்பியிருந்தது. கதிர்காமத்தில் ஓடும் மாணிக்க கங்கை இந்த நமுனுகுலையில்தான் பிறக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும், அது உண்மையும்கூட. எங்கள் ஆறும் இந்த மலையில்தான் பிறக்கிறது. லயத்துக்கு மேலே ஊற்றாகக் கசிந்து, மூங்கில் பீலி வழியாக எங்கள் குடங்களில் விழுந்து, ஸ்டோரின் தண்ணீர்ச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அதற்குக் கீழே கிடங்கு என்று நாங்கள் சொல்லும் ஆழப் பள்ளத்துக்குள் இறங்கித் தென்கிழக்காகப் போகும். கதிர்காமம் இருப்பதும் அந்தத் திசையில்தான். தோட்டத்து எல்லைக் கல்லைத் தாண்டிக் காட்டுக்குள் மறையும்வரை அது அந்தத் திசையை விடுவதில்லை. எல்லைக்கு அப்பால் பக்கத்துத் தோட்டம். அங்கே போய்ப் பார்க்க யாருக்கும் வேலையும் இல்லை, அனுமதியும் இல்லை. ஆகவே ஆறு கதிர்காமத்துக்குப் போயிற்று.

அந்த நம்பிக்கையால் ஒரு வழக்கமும் உண்டாகியிருந்தது. ஆடித் திருவிழாவுக்குக் கதிர்காம யாத்திரை போக எல்லாருக்கும் ஆசை. ஆனால் தோட்டத்துத் துரை ஒவ்வொரு கங்காணியின் ஆட்களிலும் இரண்டு பேருக்குத்தான் லீவு தருவார். பேர் வராதவர்கள் தங்கள் நேர்த்திக்கடனை ஆற்றில் விடுவார்கள். கொடியேறும் நாளன்று காலையில் ஸ்டோருக்குக் கீழே குளிக்கும் துறையில் கூட்டம் நிற்கும். வெற்றிலையில் சூடம், எலுமிச்சம்பழம், செவ்வந்திப்பூ, மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கை எல்லாம் தண்ணீரில் இறங்கும். போக முடிந்தவர்கள் நடந்து போவார்கள், முடியாதவர்களுக்காகத் தண்ணீர் போகும்.

நான் பதுளையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்தவன். வயது இருபது. லயத்துப் பள்ளிக்கூடத்தில் தொங்கிய இலங்கைப் படத்தில் மகாவலி தடித்த நூலாகவும் அதன் கிளையாறுகள் முடிமுடியாகவும் இருந்தன. எங்கள் ஆறு அதில் இல்லை. அதை நான் வரைந்துவிட வேண்டும் என்று வெறி பிடித்துவிட்டது. தேயிலைப் பெட்டிக்குள் போடும் தாளில் நாலைந்தை ஒட்டிப் பெரிய படமாக ஆரம்பித்தேன். வைகாசியிலும் ஆனியிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் இருந்ததில்லை. எந்த ஓடை எந்த மலையிலிருந்து வந்து சேர்கிறது, எங்கே கல், எங்கே மடு, எங்கே கால்வைக்க இடமில்லை, எல்லாம் காலால் அளந்து எழுதினேன். அட்டைக் கடியில் கால் இரண்டும் புண். எல்லைக் கல்லோடு படம் நின்றுவிடும். பக்கத்துத் தோட்டத்துக் காவல்காரர் இரண்டு தடவை என்னைத் திருப்பி அனுப்பினார். இரண்டாம் தடவை, “தண்ணிய பார்க்க வந்தேன்னு சொல்ற ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. உங்க பக்கத்துல தண்ணி இல்லையா?” என்று கேட்டார்.

இந்த ஆடியில் துறைக்கு நானும் போனேன், வேடிக்கை பார்க்க. ஒரு தாயும் மகளும் நின்றார்கள். தாய் கொழுந்து எடுப்பவள். மகள் ஏழு வயசு, என் வகுப்பில் இரண்டாம் வரிசைப் பிள்ளை. மூன்று வருஷத்துக்கு முன்னே அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து பிழைக்காது என்றிருந்தபோது, முடியைக் கதிர்காமத்து ஆற்றில் விடுகிறேன் என்று தாய் நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தது. மூன்று ஆடியும் லீவுப் பட்டியலில் அவள் பேர் வரவில்லை. இனியும் தள்ளக்கூடாது என்று அன்றைக்குத் துறையிலேயே மொட்டையடித்து, முடியை மஞ்சள் துணியில் கட்டித் தண்ணீரில் விட்டாள். ஆடியில் தண்ணீர் குறைவு. மூட்டை பத்தடி போய் ஒரு கல்லில் தட்டி நின்றுவிட்டது. பிள்ளை அழப் பார்த்தது. நான்தான் இறங்கிப்போய் என் கம்பால் தள்ளிவிட்டேன். அது சுற்றிக்கொண்டு போய்க் கிடங்குக்குள் மறைந்தது. “போயிருச்சு பாத்தியா, வாத்தியாரய்யாவே வழியனுப்பிட்டாரு” என்று தாய் மகளின் மொட்டைத் தலையைத் துடைத்தாள்.

ஆவணி மழை வந்ததும் எனக்கு ஒரு யுக்தி தோன்றியது. நான் எல்லை தாண்ட முடியாவிட்டால் என்ன, மூங்கில் தாண்டும். பன்னிரண்டு மூங்கில் குழாய்களைக் கணுவோடு நறுக்கி, தாரால் எண் எழுதி, ஒரு சனிக்கிழமை கிடங்கில் விட்டேன். பதுளையில் எனக்குத் தெரிந்த சலவைக்காரர் ஒருவர் இருந்தார். விடுதியில் எங்கள் வேட்டிகளை வெளுத்தவர். பதுளை ஓயா என்ற ஆற்றின் கரையில் விடியற்காலை முதல் பொழுது சாயும்வரை நிற்பவர் அவர்தான். எண் போட்ட மூங்கில் வந்தால் எடுத்து வைக்கும்படி தோட்டத்துத் தபால்காரரிடம் கடிதம் கொடுத்தனுப்பினேன். வராது என்றும் ஒரு பக்கம் நினைத்தேன். புதன்கிழமை தபால்காரர் திரும்பி வந்து, மூன்றும் ஏழும் பதினொன்றும் வந்து கிடப்பதாகச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு ஓட்டமும் நடையுமாகப் பதுளைக்கு இறங்கினேன். சலவைக்காரர் துவைகல்லுக்குப் பக்கத்தில் மூன்று குழாய்களையும் அடுக்கி வைத்திருந்தார்.

“என்ன தம்பி, மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர் அனுப்புற மாதிரி எண் போட்டு அனுப்பியிருக்கீங்க. பொண்ணு எங்க?”

நான் அவருடைய கேலியைக் காதில் வாங்கவே இல்லை. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எல்லைக்கு அப்பால் ஆறு ஒரு மலைத் தோளைச் சுற்றிக்கொண்டு மேற்கே மடங்குகிறது. பிறகு பள்ளத்தாக்கில் இறங்கி வந்து இந்தப் பதுளை ஓயாவில் விழுகிறது. ஓயா வடக்கே போய் துன்ஹிந்தையில் அருவியாகக் குதித்து, கீழ்நாட்டுக் காட்டில் மகாவலியோடு கலந்து, கடைசியில் திருகோணமலைக் கடலுக்குப் போகிறது. எங்கள் பீலித் தண்ணீர் திருகோணமலைக்குப் போகிறது. நான் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டினார். உங்க பக்கத்துத் தண்ணி இதுன்னு எனக்கு எப்பவோ தெரியுமே, இதுக்கு எதுக்கு மூங்கில் என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். வருஷா வருஷம் ஆடி கழிந்து முதல் மழைக்கு எலுமிச்சம்பழமும் பூவும் வந்து துவைகல்லில் அடையும் என்றார். வெளுத்த துணியில் மஞ்சள் கறை பிடிக்கிறதாம். எடுத்து எடுத்துக் கரையில் எறிவாராம். இந்த வருஷம் முடி மூட்டைகூட ஒன்று வந்தது என்று, செடியில் காயப்போட்டிருந்த ஒரு மஞ்சள் துணியைக் காட்டினார். முடியை உதறிவிட்டு, நல்ல துணியாக இருக்கிறதே என்று அலசி வைத்தாராம்.

அந்தத் துணியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். எனக்கு அப்போது அது துணி இல்லை, அத்தாட்சி. மூங்கில் குழாயைப் பார்த்தால், நானே பதுளையில் எண் எழுதிக் கொண்டுவந்தேன் என்று சொல்வார்கள். துணியைப் பார்த்தால் யாரும் மறுக்க முடியாது. மேடேறும்போது எனக்கு மூச்சு வாங்கவே இல்லை.

லயத்து வாசலில் ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லாரும் இருந்தார்கள். படத்தை நாலு கல் வைத்து விரித்தேன். ஊற்று, பீலி, சக்கரம், கிடங்கு, எல்லைக் கல், மலைத் தோள், பதுளை ஓயா எல்லாவற்றையும் விரலால் ஓட்டிக் காட்டினேன். ஒருவர் சிரித்தார். ஒருவர், வாத்தியார் சும்மா சொல்றாரு என்றார். அதற்காகத்தானே காத்திருந்தேன். பையிலிருந்து துணியை எடுத்து இரண்டு கையாலும் விரித்துத் தூக்கிப் பிடித்தேன்.

கூட்டத்திலிருந்து அந்தத் தாய் எழுந்து வந்தாள். துணியின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள். தன் கம்பளியிலிருந்து உருவிய கறுப்பு நூலால் அந்த ஓரத்தை அவளே மடித்துத் தைத்திருந்தாள். நான் அதைக் கவனிக்கவே இல்லை. அளவெடுக்கப் பழகிய கண் எனக்கு, அதைப் பார்க்கவில்லை.

“முடி?” என்றாள்.

கரையில், என்று ஆரம்பித்து நிறுத்தினேன். துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். படத்தின் மேல் வைத்திருந்த கற்களை நானே எடுத்தேன். உதவிக்கு ஆளில்லை.

பன்னிரண்டு நாள் கழித்துப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது.

இந்த மழைக்காலத்தில் இரண்டு லயங்களிலும் காய்ச்சல் இருந்தது. ஒன்பது பிள்ளைகள் வகுப்புக்கு வரவில்லை. இதை நான் எனக்குள் எத்தனை தடவை சொல்லிக்கொண்டேன் என்று கணக்கில்லை. தோட்டத்து மருந்து ஐயாவிடம் நானே போய்க் காய்ச்சலுக்குக் கொயினா மருந்து வாங்கி வந்து கொடுத்தேன். காய்ச்சல் இறங்கும். ஒரு நாள் பிள்ளை தின்னக் கேட்கும். மூன்றாம் நாள் பிற்பகல் பல் கிட்டிக்கொண்டு குளிர் வரும். மறுபடி மருந்து ஐயாவிடம் ஓடுவேன். கொடுக்கிறதைக் கொடுத்தாச்சு தம்பி, இனிப் பிள்ளை உடம்புதான் பார்த்துக்கணும் என்று அவர் கையை விரித்தார். இரண்டாம் வரிசையில் அந்த இடத்தில் யாரையும் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் பெண்கள் விலகி வழிவிட்டார்கள். அதில் ஒருத்தி, எனக்குக் கேட்கும்படியாகவே, “வாத்தியாரய்யா வர்றாரு. தண்ணி எந்தப் பக்கம் போகணும்னு அவரையே கேட்டுக்கோங்கடி” என்றாள். சிரிப்பு எழுந்தது. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

தாய் ஒரு நாள் மாலை கொழுந்துக் கூடையோடு பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள். வைதாலும் பரவாயில்லை என்று எழுந்து நின்றேன். அவள் வையவில்லை.

“வாத்தியாரய்யா, போகாத தண்ணியைக் காட்டிட்டீங்க. போற தண்ணி ஒண்ணு இருக்குமில்ல. அதைக் காட்டுங்க.”

எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன். நம்ம தண்ணீர் திருகோணமலைக்குப் போகிறது, அங்கே கோணேசர் இருக்கிறார், அவர் முருகனுக்கு அப்பாதானே, அப்பா கைக்குப் போனால் மகனிடம் சொல்லமாட்டாரா என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

“நான் நேர்ந்துக்கிட்டது மகனுக்குங்க” என்றாள். அவ்வளவுதான்.

பெரிய கங்காணியிடம் போனேன். அவளுக்கு நாலு நாள் லீவு வாங்கிக் கொடுங்கள், பிள்ளையோடு புத்தளை வழியாகக் கதிர்காமம் போய் வரட்டும் என்றேன். ஐப்பசிக் கொழுந்து துளிர்த்துக்கிடக்கிற நேரத்தில் ஒரு கையைக்கூட விட முடியாது என்று துரை சொல்லியிருப்பதாகச் சொன்னார். துரை தரும் அனுமதித் துண்டில்லாமல் எல்லையைத் தாண்டினால் தோட்டத்தில் பேர் பதிந்த ஆளைப் போலீஸ் பிடித்துக் கொண்டுவந்து விடும், அது எனக்கும் தெரியும். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “ஆத்தைத் திருப்பினது நீங்க தம்பி. அதுக்கு ஆளை நான் அனுப்பணுமா?” என்றார். பிறகு குரலைத் தணித்து, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்த மழையில் யானைக்காட்டு வழியாக அவள் எப்படிப் போவாள், அதையாவது யோசித்தீர்களா என்று கேட்டார். நான் யோசிக்கவில்லை. பள்ளிக்கூடத்து இலங்கைப் படத்தில் அந்த வழி ஆறு அங்குலம்.

போன ஞாயிறு மலைமுகட்டுக்கு ஏறினேன். தேயிலை முடிந்து, புல் முடிந்து, பாசி பிடித்த குட்டை மரங்களுக்கு நடுவே ஒரு சதுப்பு கிடந்தது. என் வீட்டு வாசல் அளவுதான். அதன் மேற்கு ஓரத்திலிருந்து ஒரு கசிவு எங்கள் பக்கம் இறங்கியது; அதுதான் எங்கள் ஊற்றின் தாய். கிழக்கு ஓரத்தில் இன்னொரு கசிவு அந்தப் பக்கம் இறங்கியது. இரண்டுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு அடி. ஒரு மண்வெட்டி இருந்தால் எங்கள் தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பிவிடலாம். அரைநாள் வேலை. உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். திருப்பினால் பீலி காயும், சக்கரம் நிற்கும், ஒரு மணி நேரத்துக்குள்ளேயே துரையின் ஆட்கள் மேலே வந்துவிடுவார்கள். அதோடு, கிழக்கே இறங்குகிற கசிவு மாணிக்க கங்கைக்குத்தான் போகிறது என்று எனக்கு யார் சொன்னது? பசறைப் பக்கத்து ஓயாக்கள் எத்தனையோ கிழக்கே இறங்கிவிட்டு வடக்கே மடங்கி மகாவலிக்கே போகின்றன. எங்கள் ஆறும் தென்கிழக்கே போய்த்தானே ஊரை ஏமாற்றியது. ஒரு இலையைக் கிள்ளி அந்தக் கசிவில் போட்டேன். நாலு முழம் போய்ப் புல்லுக்குள் ஒளிந்தது. அதற்குக் கீழே முழுக்க மேகம்.

திரும்பி வந்து அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. கண்டுபிடித்துவிட்டேன், அதுதான், என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். அன்றைக்கு ராத்திரியாவது தூங்கியிருப்பாள். வழியெல்லாம் அந்தப் பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் இறங்கினேன்.

லயத்தில் ஒற்றை அறைக் காம்பிராவின் வாசலில் அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேலே ஒரு தண்ணி கிழக்கே இறங்குது அக்கா, என்றேன்.

“அது போவுதா?”

“தெரியல அக்கா.”

இத்தனை மாதத்தில் அந்த வார்த்தையை நான் சொன்னது அப்போதுதான். அவள் கோபிப்பாள் என்று பார்த்தேன். அவள் பிள்ளையின் தலையைத் தடவினாள். ஆடிக்குப் பிறகு முளைத்த முடி ஒரு விரற்கணு நீளம்கூட இல்லை. அது வேர்வையில் ஒட்டிக்கிடந்தது. “தெரிஞ்சுக்கிட்டு வாங்க” என்றாள்.

தீபாவளிக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஐந்து நாள் விடுமுறை. தோட்டத்து ஆட்களுக்கு ஒரு நாள்தான். நான் பதிந்த ஆளில்லை, எனக்குத் துண்டு வேண்டாம். ஆகவே நான் போகிறேன். இன்று காலை பிள்ளை தூங்கும்போது தாயே கத்தரிக்கோலால் அந்த முடியை நறுக்கி, அதே மஞ்சள் துணியில் முடிந்து என் கையில் கொடுத்தாள். உப்பு ஒரு பொட்டலம், அரிசி, அட்டைக்குப் புகையிலை, படத்தின் ஒட்டாத தாள் ஒன்று. மூங்கில் எடுத்துக்கொள்ளவில்லை, அந்தப் பக்கத்தில் எடுத்து வைக்க எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை.

விடிந்ததும் சதுப்புக்கு ஏறி, கிழக்குக் கசிவைப் பிடித்துக்கொண்டு இறங்கப் பார்க்கிறேன். தண்ணீரை விட்டு விலகாமல் போவேன். தோட்டத்துக் காவல்காரர்கள் விரட்டினால் சுற்றிக்கொண்டு வந்து மறுபடி அதே தண்ணீரைப் பிடிப்பேன். முதல் சிங்களக் கிராமத்தில் அதற்கு என்ன பேர் என்று கேட்பேன். அடுத்த ஊரிலும் கேட்பேன். மூன்று ஊரில் மூன்று பேர் தாங்களாகவே மாணிக்க கங்கை என்று சொன்னால் ஒழிய முடிச்சைத் தண்ணீரில் விடமாட்டேன். நடுவில் எங்காவது அது வடக்கே மடங்கிவிட்டால், திரும்ப முகட்டுக்கு ஏறி அடுத்த கசிவைத் தேடி இறங்க வேண்டும். அதற்கு ஐந்து நாள் காணுமா என்று தெரியாது. பிள்ளைக்குக் குளிர் வருகிற முறை நாளை பிற்பகல்.